கொம்பையாவின் தோட்டத்துக்கு மயில் வந்தது

மலையடிவாரத்தில் ஒரு புங்கங்காடு. காட்டுக்குள் ஒரு குளம். அந்தக் குளத்தங்கரையில் கொம்பையா என்கிற பெருச்சாளியும் அதன் மனைவி பவளமும் தோட்டம் போட்டிருந்தன.

பெருச்சாளி தோட்டத்தை அழிக்குமே தவிர, போடுமா என்று நீங்கள் கேட்கலாம். காட்டிலும் அப்படித்தான் கேட்டார்கள்.

"எங்களுக்கு மண்ணைத் தோண்டத் தெரியும். தோண்டின குழியில ஒரு விதையைப் போட்டா என்ன கெட்டுப்போச்சு?" என்றது கொம்பையா.

போட்டது. முளைத்தது. குளத்திலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் வெட்டித் தண்ணீரும் கொண்டுவந்தது. இரண்டே வருடத்தில் கத்திரி, தக்காளி, நிலக்கடலை, பந்தல் நிறைய அவரை, ஓரத்தில் பூசணி என்று தோட்டம் செழித்துவிட்டது. பூசணிக் கொடிக்கு அடியில் அவர்களுடைய வளை. அந்தப் பங்குனியில் பிறந்த ஐந்து குட்டிகள், கண்கூடத் திறக்காமல், வளைக்குள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன.

தோட்டத்தை நம்பித்தான் குடும்பம் இருந்தது. கோடை முற்றினால் குளம் வற்றிவிடும். காட்டில் தின்ன ஒன்றும் அகப்படாது. மழை வரும்வரை காயும் கடலையும்தான் சாப்பாடு.

பாத்திகளுக்குத் தண்ணீர் பாய்ச்சி முடித்ததும் கொம்பையா பந்தல் நிழலில் உட்கார்ந்துவிடும். இளவேனில் காலம். வேம்பு பூத்திருந்தது. தேன்சிட்டு பூசணிப் பூவுக்குள் தலையை விட்டு, மஞ்சள் பொடி அப்பிய மூஞ்சியோடு வெளியே வரும். கரிச்சான் பந்தல் காலில் உட்கார்ந்திருந்து, பறக்கிற பூச்சியைப் பறந்தே பிடிக்கும். செம்போத்து வேலியோரமாக, எதையோ தொலைத்துவிட்டதுபோல நடந்து போகும். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதில் கொம்பையாவுக்கு அப்படி ஒரு சுகம். வெயில் முதுகில் ஏறும்வரை எழுந்திருக்காது.

தவிட்டுக்குருவிகளும் வரும். அவற்றைப் பார்ப்பதில் மட்டும் யாருக்கும் சுகம் கிடையாது. மண் நிறம். எண்ணெய் காணாத தலைபோல எப்போதும் கலைந்த இறகு. மொத்தம் ஏழு. ஏழும் ஒன்றாக வரும், ஒன்றாகக் கத்தும். சருகைப் புரட்டும், புழுவைத் தின்னும், தங்களுக்குள் சண்டை போடும், சமாதானமாகும், மறுபடியும் கத்தும். அவற்றுக்குத் தலைவி பேச்சி. பெயருக்கேற்ற பிறவி.

"அண்ணாச்சி, நாலாவது கத்திரிச் செடியில புழு!" என்று கத்தும். கொம்பையா பதறி எழுந்தால், "உக்காருங்க. தின்னாச்சு" என்று அதற்கும் ஒரு கத்தல்.

அப்படி இருக்கையில் ஒரு நாள், புங்கங்காட்டுப் பறவை ரசிகர் மன்றத்தார் தோட்டத்தைப் பார்க்க வந்தார்கள்.

மன்றத்தின் தலைவர் திருமேனி என்கிற முள்ளம்பன்றி. தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கி, தேக்கு இலையில் குறிப்பு எழுதும். அதனால் காட்டில் படித்தவர் என்று பெயர். செயலாளர் ஓணான். தலைவர் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவது அதன் வேலை. உறுப்பினர்களாக இரண்டு தவளைகளும், ஒரு மரநாயும், முயலம்மாள் என்கிற முயலும் இருந்தார்கள். முயலம்மாள்தான் எல்லாவற்றுக்கும் முதலில் கைதட்டும்.

திருமேனி தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி வந்தது. "கொம்பையா அவர்களே, இங்கு என்னென்ன பறவைகள் வருகின்றன?" என்று கேட்டது.

கொம்பையாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை யாரும் அதை 'அவர்களே' என்று சொன்னதில்லை. "தேன்சிட்டு வரும், ஐயா."

"நல்லது." முள் இலையில் ஓடியது.

"கரிச்சான்."

"சாதாரணம். சரி, இருக்கட்டும்."

"தவிட்டுக்குருவி ஏழு."

முள் நின்றுவிட்டது. "தவிட்டுக்குருவியை மன்றம் பறவைக் கணக்கில் சேர்ப்பதில்லை."

"அதுக்கும் இறக்கை இருக்கே, ஐயா?"

"ஈசலுக்கும்தான் இறக்கை இருக்கிறது" என்றது திருமேனி. ஓணான் தலையை ஆட்டியது.

சரியாக அந்த நேரம் பார்த்துப் பேச்சி, கடலைப் பாத்தியில் ஒரு வெட்டுக்கிளிக்காகத் தன் தங்கையோடு சண்டை பிடித்தது. ஏழும் சேர்ந்துகொண்டன. மன்றத்தார் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

இரைச்சல் அடங்கியதும் திருமேனி பெருமூச்சு விட்டது. "அருமையான தோட்டம். ஒரே ஒரு குறை. இந்தக் கூச்சல் மட்டும் இல்லையென்றால், இதை இளவேனில் சிறப்புத் தோட்டமாக அறிவித்துவிடலாம். மயிலாரையே இங்கே அழைத்து வரலாம்."

"மயிலா?" கொம்பையாவின் மீசை நடுங்கியது.

"மகுடபதியார். எல்லா இடத்துக்கும் அவர் வருவதில்லை." திருமேனி பவளத்தின் பக்கம் திரும்பியது. "இந்தக் கத்திரிப் பாத்தி தங்கள் கைவண்ணமா, அம்மணி?"

பவளம் கையிலிருந்த மண்ணை அவசரமாகத் தட்டிவிட்டது.

அவர்கள் போன பிறகு இரண்டும் மறுபடி பாத்திக்குப் போயின. பிறகு பவளம்தான் ஆரம்பித்தது. "ஏங்க, பேச்சிகிட்ட கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக்கச் சொன்னா என்ன?"

மறுநாள் கொம்பையா சொல்லிப் பார்த்தது.

"குறைக்கணுமா?" பேச்சிக்குப் புரியவில்லை. "நாங்க இப்பவே மெதுவாத்தானே பேசுறோம், அண்ணாச்சி!"

அடுத்த நாள் கொம்பையா காய்ந்த பனையோலைகளைப் பந்தலைச் சுற்றிக் கட்டியது. காற்றில் அவை சடசடத்தன. தவிட்டுக்குருவிகள் பயப்படவில்லை, ஓலைக்கு மேல் குரலை உயர்த்தின, அவ்வளவுதான். கடைசியில் கொம்பையா மண்ணாங்கட்டியை எடுத்தது. முதல் கட்டி யார் மேலும் படவில்லை. இரண்டாவது, பேச்சியின் தங்கை காலடியில் விழுந்து உடைந்தது.

பேச்சி அந்த உடைந்த கட்டியைப் பார்த்தது. "நாங்க என்ன தப்பு செஞ்சோம், அண்ணாச்சி?"

"தப்பு ஒண்ணுமில்ல. பெரிய மனுசங்க வர்ற இடம். நீங்க வேற எங்கயாவது பாத்துக்கங்க" என்றது கொம்பையா. பேச்சியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. பூசணிக்கொடியைப் பார்த்துச் சொன்னது.

ஏழும் சத்தமில்லாமல் எழுந்து, குளத்துக்கு அக்கரையில் இருந்த புளியமரத்துக்குப் போயின. அவை சத்தமில்லாமல் பறந்ததைக் கொம்பையா அன்றுதான் பார்த்தது.

மூன்றாம் நாள் மயில் வந்தது.

பொய் சொல்லக் கூடாது, அழகென்றால் அப்படி ஓர் அழகு. கழுத்தின் நீலத்தைப் பார்த்துப் பவளம் வாயைத் திறந்தது, மூடவில்லை. மன்றத்தார் வரப்பில் வரிசையாக நின்றார்கள். மகுடபதி தோட்டத்துக்குள் இறங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, ஒரு தக்காளியைக் கொத்தியது.

"இன்னும் கொஞ்சம் பழுத்திருக்கலாம்" என்றது. அந்தச் செடியில் இருந்த மற்ற எட்டையும் தின்றது.

"கவனித்தீர்களா, கழுத்தை எவ்வளவு நளினமாக வளைக்கிறார்!" என்றது திருமேனி. முயலம்மாள் கைதட்டியது.

"அது பரவாயில்ல, ஒன்பது தக்காளிதானே" என்று கொம்பையா பவளத்தின் காதில் சொன்னது.

அன்று சாயங்காலமே சிறப்புத் தோட்டம் என்று தேக்கு இலையில் எழுதிப் பந்தலில் மாட்டினார்கள். காடே வந்து பார்த்தது. கொம்பையா வருகிறவர்களையெல்லாம் வாய்க்கால்வரை போய் வரவேற்றது. 'நம்ம தோட்டத்து மயில்' என்று இரண்டொரு தடவை சொல்லியும் விட்டது.

மயில் மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. கடலைப் பாத்தியைக் காலால் கிளறிப் பிஞ்சுக் கடலையாகப் பார்த்துத் தின்றது. தின்ற இடத்திலேயே படுத்து மண்ணில் புரண்டு குளித்தது. மத்தியானம் அவரைப் பந்தலின் மேல் ஏறி உட்கார்ந்தது. அவரைக்குக் கட்டிய பந்தல் மயிலைத் தாங்குமா? நான்காம் நாள் சாய்ந்து விழுந்தது.

"இறங்கிய விதத்தைப் பார்த்தீர்களா! ராஜநடை!" என்றது திருமேனி, இலையில் எழுதிக்கொண்டே.

கொம்பையா மெல்ல அதன் பக்கத்தில் போனது. "ஐயா, பந்தல் விழுந்துட்டுது. கடலையும் பாதி போயிட்டுது. மயிலாரைக் கொஞ்சம் வரப்போரமா நடக்கச் சொன்னீங்கன்னா..."

"சிறப்பு விருந்தினரை வரப்போரமாகவா?" திருமேனிக்கு முதுகு முள்ளெல்லாம் நிமிர்ந்தது. "கொம்பையா அவர்களே, இவ்வளவு உயர்ந்த ரசனை உள்ள தாங்கள் கடலையைப் பற்றிப் பேசலாமா?"

கொம்பையாவுக்கு வெட்கமாகப் போயிற்று. பேசாமல் வந்துவிட்டது.

இதற்கிடையில் கத்திரிச் செடிகளின் கொழுந்து ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தது. பவளம் ஒரு தண்டைப் பிளந்து பார்த்தது. உள்ளே புழு. அடுத்ததிலும் புழு. தக்காளி இலைகளின் அடியில் பச்சைப் புழுக்கள் பந்திக்கு உட்கார்ந்ததுபோல வரிசையாக இருந்தன. இரண்டு பேரும் காலையிலிருந்து பொறுக்கினார்கள். பொறுக்கிய இடத்துக்குப் பின்னாலேயே புதுப் புழு வந்தது. மயில் ஒன்றிரண்டைக் கொத்திப் பார்த்துவிட்டு, தக்காளிப் பழம்தான் தனக்கு ஒத்துக்கொள்கிறது என்று சொல்லிவிட்டது.

"பேச்சி இருந்தா..." என்று பவளம் ஆரம்பித்தது. பாதியில் நிறுத்திக்கொண்டது. போகச் சொன்னதில் அதற்கும் பங்கு உண்டு.

பத்தாம் நாள் நடுப்பகல். குளத்தங்கரைப் பாறையில் மகுடபதி தோகை விரித்தது. அந்த வருடத்தின் முதல் தோகை. மன்றத்தார் மட்டுமல்ல, பாதிக் காடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கொம்பையாவும் எல்லாக் கவலையையும் மறந்து பார்த்தது.

யதேச்சையாகத் திரும்பியது. சாய்ந்த பந்தலின் ஓலைகளுக்கு நடுவே ஒரு சாரைப்பாம்பு, மிக நிதானமாக, பூசணிக் கொடியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

பாம்பு அந்தக் காட்டில் புதிதல்ல. ஆனால் அது எப்போது எங்கே தலை நீட்டினாலும் ஏழு தொண்டைகள் ஊரைக் கூட்டிவிடும். குளம் முழுவதற்கும் தெரிந்துவிடும். பாம்பும் சலித்துப்போய்த் திரும்பிவிடும். இன்று ஒரு சத்தமும் இல்லாததால், வளையின் வாய்க்கு நான்கு முழம் தூரம்வரை அது வந்துவிட்டிருந்தது. வளைக்குள் குட்டிகளோடு பவளம் இருந்தது.

கொம்பையா திருமேனியிடம் ஓடியது. "ஐயா, பாம்பு! என் வளைக்குள்ள போகுது. மயில் பாம்பைக் கொத்தும்னு சொல்வாங்களே, ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா!"

"ஷ்" என்றது திருமேனி. "தோகை விரித்திருக்கிறார். நடுவில் தொந்தரவு செய்வது மன்ற விதிகளுக்கு விரோதம்."

ஓணான் தலையை ஆட்டியது.

கொம்பையா பாறைக்கே ஓடியது. "சாமி, உள்ள அஞ்சு குட்டி இருக்கு."

மகுடபதி தோகையை மடக்காமல் கீழே பார்த்தது. "பாம்பா? இப்போதுதான் கடலை தின்றேன். வயிறு கனமாக இருக்கிறது. இன்னொரு நாள் பார்க்கலாம்."

கொம்பையா அதற்குமேல் யாரையும் கெஞ்சவில்லை. கத்திரிப் பாத்தியை மிதித்துக்கொண்டு ஓடி, வளைக்குள் பாதி நுழைந்துவிட்ட பாம்பின் வாலைக் கடித்துப் பிடித்தது. பின்னங்கால்களைப் பூசணி வேரில் ஊன்றி இழுத்தது. பாம்பு ஒரு உதறு உதறியது. கொம்பையா தரையில் மோதியது. வாயை விடவில்லை. பாம்பு வளையிலிருந்து தலையை வெளியே எடுத்து, யார் என்று பார்க்கத் திரும்பியது.

அப்போதுதான் அக்கரைப் புளியமரத்திலிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது.

ஏழு தொண்டைகள். கத்திக்கொண்டே குளத்தைக் கடந்து வந்தன. ஒன்று பாம்பின் கண்ணுக்கு நேரே இறக்கையை அடித்தது. ஒன்று முதுகில் கொத்திவிட்டுத் தாவியது. பேச்சி அதன் முகத்துக்கு நேரே நின்று, வாழ்க்கையில் இதுவரை கத்தாத கத்தலையெல்லாம் சேர்த்து வைத்துக் கத்தியது. பாம்பு இப்படி ஒன்றைப் பார்த்துக் கொத்தப் போனால், அந்தப் பக்கத்திலிருந்து இன்னொன்று வந்தது. கொஞ்ச நேரத்தில் அதற்கு வெறுத்துவிட்டது. வாலை உருவிக்கொண்டு வாய்க்கால் புல்லுக்குள் இறங்கிப் போயே போய்விட்டது.

கொம்பையா வளைக்குள் தலையை விட்டது. இருட்டில் யாரும் இல்லை.

"இங்க இருக்கோம்" என்று வாய்க்கால் கரையிலிருந்து பவளத்தின் குரல் வந்தது. பின்பக்கத்துப் பொந்து வழியாக ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக் கொண்டுபோய்ப் புல்லடியில் வைத்திருந்தது. ஐந்தும் இருந்தன. பவளத்தின் வாய் முழுக்க மண். "உள்ளயிருந்து அடைக்க அடைக்க அது தள்ளிக்கிட்டே வந்துச்சு. திடீர்னு நின்னுட்டுது. நீங்கதான் இழுத்தீங்களா?"

கொம்பையா வாய்க்கால் கரைக்கு ஓடி, ஒவ்வொரு குட்டியாக முகர்ந்து பார்த்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

பாறையில் மயில் தோகையை மடக்கிக்கொண்டிருந்தது.

"என்ன காட்டுமிராண்டித்தனமான கூச்சல்!" என்றது திருமேனி. புது முள் ஒன்றைப் பிடுங்கி, இலையில் எழுதியது: 'இரைச்சல் காரணமாகத் தோகைக் காட்சி பாதியில் நின்றது.' பிறகு மகுடபதியின் முன்னால் போய்க் குனிந்தது. "மன்னிக்க வேண்டும். நாளைக்கு இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்கிறோம்."

"நாளைக்கு இங்கே என்ன இருக்கிறது?" என்று மயில் தோட்டத்தைச் சுட்டிக் கேட்டது. நியாயமான கேள்விதான். மயில் தின்ன ஒன்றும் இல்லை. "மேட்டுக்காட்டில் யாரோ கம்பு விதைத்திருக்கிறார்களாமே? கதிர் பால் பிடித்திருக்கிறதாம்."

முயலம்மாள் கைதட்டுவதை நிறுத்தியது. மேட்டுக்காட்டுக் கம்பு அதனுடையது.

"வாழ்த்துகள், முயலம்மாள் அவர்களே!" என்றது திருமேனி. ஓணான் தலையை ஆட்டியது. மன்றம் மயிலுக்குப் பின்னால் வரிசையாகக் கிளம்பிப் போயிற்று. பாம்பு என்ன ஆயிற்று என்றோ, குட்டிகள் பிழைத்தனவா என்றோ ஒருவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கொம்பையா குளத்தைச் சுற்றிக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனது. பேச்சி தாழ்ந்த கிளை ஒன்றில் உட்கார்ந்து தங்கையின் தலையைக் கோதிக்கொண்டிருந்தது. கீழே பார்த்தது.

"குட்டிங்க அஞ்சும் நல்லாருக்கு" என்றது கொம்பையா.

"சரி."

"நீ வரலைன்னா..."

"உங்களுக்காக வரலை" என்றது பேச்சி. "பாம்பைக் கண்டா கத்துவோம். எங்க வழக்கம் அது. யார் வீட்டு வாசல்னு பாக்க மாட்டோம்."

கொம்பையா தரையைக் கீறியது. "மண்ணாங்கட்டி எறிஞ்சது தப்பு, பேச்சி. கணக்குல சேராத பறவைன்னு அவங்க சொன்னப்ப, இல்லைன்னு நான் சொல்லியிருக்கணும். மயில் ஆசையில வாயை மூடிக்கிட்டேன். உன்னை மறுபடியும் கூப்பிட எனக்கு மூஞ்சி இல்ல. இருந்தாலும் கூப்பிடுறேன்."

பேச்சி கோதுவதை விட்டது.

"தோட்டத்துல இப்ப என்ன மிச்சம் இருக்கு?"

"கடலை போச்சு. அவரை போச்சு. பூசணி இருக்கு. கத்திரி பாதி உசுரோட நிக்குது." கொம்பையா தயங்கியது. "புழு நிறைய இருக்கு."

மரத்திலிருந்த ஏழு தலைகளும் ஒரே சமயத்தில் திரும்பின.

"நிறையன்னா எவ்வளவு?" என்று பேச்சியின் தங்கை கேட்டது.

"இலையை விட அதிகம்."

"வர்றோம்" என்றது பேச்சி. "ஆனா கத்துவோம்."

"கத்துங்க."

"மெதுவால்லாம் முடியாது."

"வேண்டாம். நல்லா கத்துங்க."

அந்தக் கோடை கஷ்டமாகத்தான் கழிந்தது. கடலை இல்லாததால் பவளமும் கொம்பையாவும் பல நாள் அரை வயிறாகவே இருந்தன. குட்டிகளுக்குப் பூசணி போதும்படியாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் கத்திரி மெல்ல மெல்லப் புதுக் கொழுந்து விட்டது. காலியான கடலைப் பாத்தியில் பவளம் கீரை விதைத்தது; இருபது நாளில் அது சாப்பிட ஆயிற்று.

கொம்பையா பழையபடி காலையில் வேலை முடிந்ததும் நிழலில் வந்து உட்கார்ந்தது. எதிரே தவிட்டுக்குருவிகள் சருகைப் புரட்டிக்கொண்டிருந்தன. அவற்றை அது இரண்டு வருடமாகப் பார்த்திருக்கிறது, உற்றுப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தது. உச்சந்தலையில் லேசாக ஒரு வெளுப்பு இருந்தது. கண் பால் கலந்த நீலத்தில் இருந்தது. ஒன்று புழு பிடித்தால் தான் தின்னாமல், வேலியில் புதிதாகக் கட்டிய கூட்டில் இருந்த இறக்கை முளைக்காத குஞ்சுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. தாய் மட்டுமல்ல, ஏழில் எது பிடித்தாலும் அப்படித்தான் செய்தது.

வெயில் முதுகில் ஏறிக் குளத்தின் மேல் தகதகத்தது. பவளம் இரண்டு தடவை கூப்பிட்டது. கொம்பையா எழுந்திருக்கவில்லை.

பிறர் மெச்ச வேண்டும் என்று தனக்கு உதவுகிறவர்களை விரட்டுகிறவனுக்கு, ஆபத்து வரும்போது மெச்சியவர்களில் ஒருவரும் துணைக்கு வரமாட்டார்கள்.